நாற்பது வருஷமாய்ச் சாகப்போகிறவர்

கண்ணாடியாருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் நாற்பது வருஷமாக அவர் சாகப்போகிறார். எடுத்த வேலையை இவ்வளவு ஒழுங்காக, ஒருநாள்கூட லீவு போடாமல் செய்தவர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

பதினெட்டு வயதில், பரீட்சை முடிந்து மணி அடித்தபோது, மணிக்கு நேர் கீழே நின்றிருந்த அவர் பொத்தென்று விழுந்தார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர் ஈசிஜி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு, ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தயாராகக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கிறது, அந்த நேரம் பார்த்துத் திடீர்ச் சத்தமோ அதிர்ச்சியோ வந்தால் தாளம் தப்பிவிடும் என்றார். ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, முப்பதைத் தாண்டுவது சந்தேகம்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த டாக்டர் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து அவரைக் கண்ணாடிச் சாமானைப் போல வைத்துக் காப்பாற்றினார்கள். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்தச் சாமான் பத்திரமாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அக்காவும் அத்தானும் ஒரு லாண்டரி நடத்தினார்கள். கீழே கடை, மேலே வீடு. ஹோட்டல், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் பெரும்பாலும் வரும். அத்தான் இஸ்திரி மேஜையில் நிற்பார். அக்கா மகள் வேனில் போய்த் துணி எடுத்து வருவாள், கொண்டுபோய்க் கொடுப்பாள். மீதி எல்லாம் அக்கா. ஈரத்தில் இரண்டு ஆள் கனம் கனக்கும் விரிப்புகளை மெஷினிலிருந்து உருவிக் கூடையில் போட்டு, இழுத்துக்கொண்டு போய்க் கொடியில் விரித்து, மறுபடி ஓடி வந்து அடுத்ததைப் போடுவாள். அறுபதைத் தாண்டியும் அப்படித்தான். அவளுக்கு இரும்பு உடம்பு என்று எல்லோரும் சொல்வார்கள். கண்ணாடியார் கல்லாப் பக்கத்தில், இரண்டு மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல், அதே வார்த்தையை மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல் உருக்கத்தோடு சொல்வார்.

அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். போன் மணி அடிக்காது, நடுங்க மட்டும் செய்யும். வாசல் அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அலாரம் வைத்த கடிகாரம் உள்ளே வந்ததே இல்லை. சலவை முடிந்ததும் மெஷினுக்கு மேலே சுவரில் இருக்கிற பஸ்ஸர் காதைக் கிழிக்கும் என்பதால், அதன்மேல் ஒரு தடித்த துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார் அத்தான். மெஷின் மூன்று முறை மாறிவிட்டது, துண்டு மாறவில்லை. பஸ்ஸர் கேட்காததால் மெஷின் நின்றதா இல்லையா என்று அக்காதான் நிமிஷத்துக்கொரு தரம் ஓடிப்போய்க் கண்ணாடி மூடி வழியாக எட்டிப் பார்ப்பாள்.

இதில் ஒத்திகை வேறு. கண்ணாடியார் திடீரென்று விழுந்தால் என்ன செய்வது என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கடையை அரை நாள் சாத்திவிட்டுப் பழகிக்கொள்வார்கள். நீளத் தலையணை ஒன்று தரையில் கிடக்கும், அதுதான் கண்ணாடியார். அத்தான் அதன் நெஞ்சை அமுக்குவார், அக்கா மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுவாள், அக்கா ஜன்னலைத் திறந்து தலையணையின் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பாள். நிஜக் கண்ணாடியார் நாற்காலியில் டீ குடித்தபடி, "அத்தான், முழங்கை மடங்குது. கையை நேரா வச்சு, நெஞ்சுக்கு நடுவுல. இன்னும் வேகமா. இப்படி அமுக்கினா நான் பொழைச்ச மாதிரிதான்" என்று திருத்துவார்.

மாலை போட்டு மாட்டுவதற்கு இருபத்தொன்பதாவது வயதில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். ஆள் அதைத் தாண்டி வழுக்கையான பிறகு, படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இன்னொன்று. முதல் படம் எடுத்த ஸ்டுடியோக்காரரின் படத்துக்கு மாலை போட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து அழுத சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அந்தச் சேதிகளையும் அவருக்கு அதிர்ச்சி கூடாதென்று மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னார்கள்.

அவரைக் கட்டிக்கொள்ள ஒரு பெண்கூட இருந்தாள். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரின் மகள். எத்தனை நாளோ அத்தனை நாள் போதும் என்று அவளே வந்து சொன்னாள். தெரிந்தே ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன் என்று கண்ணாடியார் கண்ணீரோடு மறுத்துவிட்டார். இப்போது அவள்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவருடைய மாத்திரை மாதா மாதம் அவள் கையிலிருந்துதான் வருகிறது.

இப்படியாக எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாத்திரை எழுதித் தரும் டாக்டர் ஓய்வு பெற்றார். புதிதாக ஒரு பெண் டாக்டரிடம் போக வேண்டி வந்தது. அக்கா மகள் வேனில் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனாள். கண்ணாடியார் தனியாக உள்ளே போனார்.

டாக்டர் புது ஈசிஜி எடுத்தார். பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கடைசியா எப்ப மயங்கி விழுந்தீங்க?"

"பதினெட்டு வயசுல, டாக்டர்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னை விழ விட்டாத்தானே? எல்லாரும் தாங்கிப் புடிச்சுக்கிட்டாங்க."

"மாத்திரையும் ஒருநாள் விடாம சாப்பிட்டிருக்கீங்க. நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க."

இப்படி ஒரு வசைச்சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

"டாக்டர், எனக்கு முப்பதுதான்னு..."

"அந்தக் காலத்துல இந்த நோயைப் பத்தித் தெரிஞ்சது கொஞ்சம். ரொம்ப மோசமா இருந்தவங்கதான் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாங்க. அவங்களை மட்டும் பாத்துட்டு எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டாங்க. இப்ப எத்தனையோ குடும்பங்களை வருஷக்கணக்கா பாத்தாச்சு. மாத்திரையை விடாம, சேராத மருந்தைத் தொடாம இருந்தா, உங்களை மாதிரி இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க மத்தவங்க வாழற அளவுக்கு வாழறாங்க. நடங்க, படி ஏறுங்க, வேலை செய்யுங்க."

"வேலையா?" என்றார் கண்ணாடியார்.

"தாராளமா. ஆனா ஒண்ணு முக்கியம். இது குடும்பத்துல வர்றது. கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அக்கா. ஆனா அவளுக்கு இரும்பு உடம்பு, டாக்டர்."

"இரும்பா இல்லையான்னு ஈசிஜி சொல்லட்டும். இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. அவங்க பிள்ளைங்களையும். வெளியில ஒண்ணுமே தெரியாம இருக்கறவங்களுக்கும் இது இருக்கலாம்."

வேனில் ஏறியதும் அக்கா மகள் கேட்டாள். "என்ன மாமா சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்வாங்க. ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடியார் அழுதார். முதலில் எதற்கென்று அவருக்கே புரியவில்லை. தூக்குத் தண்டனைக் கைதியை நாற்பது வருஷம் கழித்துக் கூப்பிட்டு, உன் மேல் கேஸே இல்லை, வீட்டுக்குப் போ என்றால் அவன் எந்த வீட்டுக்குப் போவான்? படிப்பு, வேலை, மருந்துக்கடைக்காரர் மகள் எல்லாவற்றையும் ஒரு பழைய தாளை நம்பிக் கைகழுவிவிட்டாரே. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு வீட்டில் கோழி. வழக்கம்போல அக்கா இரண்டு காலையும் அவர் தட்டில் வைத்துவிட்டு, கழுத்துத் துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவருக்கு அழுகை நின்றுவிட்டது. வேறு ஒரு பயம் வந்தது.

அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனால் டாக்டர் சும்மா இருப்பாரா? உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார், எண்பது வரை இருப்பார் என்று சிரித்துக்கொண்டே போட்டு உடைத்துவிடுவார். அப்புறம் நாற்காலி ஏது, கோழிக்கால் ஏது? சாகப்போகிறவன் என்ற ஒன்றைத் தவிர அவரிடம் வேறு என்னதான் இருந்தது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். நாளை வந்ததும் மறுபடி தள்ளிப்போட்டார். அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

அந்த மாதத்தில் ஒருநாள், கொடி கட்டும் இரும்புக் கம்பி ஒன்று கொல்லைப்புறத்தில் டமாரென்று விழுந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. பசி மயக்கம். நீ பதறாதே."

பசி மயக்கம்தான் என்று கண்ணாடியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த நோயைப் பற்றி அச்சில் வந்த ஒன்றையும் விடாமல் படித்தவர் அவர். ஆனாலும் அதை நம்பத்தான் விரும்பினார், நம்பியும் விட்டார்.

குட்டு வெளிப்பட்டது அவருடைய கையாலேயே. வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னது அவரை உள்ளே நமைத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் எல்லோரும் மாடிக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, ஈரத்துணிக் கூடை ஒன்றைச் சும்மா தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. தாளம் தப்பவில்லை. மெஷினிலிருந்து கொல்லைவாசல் வரை நடந்தார். திரும்பி வந்தார். சட்டை முன்பக்கம் நனைந்து சில்லென்றிருந்தது. சிறுபிள்ளையைப் போல அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் மாடிப்படியில் அத்தான் நின்றிருந்தார்.

"மச்சான்! கீழ வை, கீழ வை! செத்துத் தொலையப்போறே!"

"இல்ல அத்தான்... தூக்கலாமாம்."

"யார் சொன்னா?"

கையும் களவுமாக, கூடையும் ஈரமுமாகப் பிடிபட்டவர் என்னத்தைச் சொல்வார்? "டாக்டர்தான். நான் நல்லா இருக்கேனாம். எல்லாரையும் மாதிரி ரொம்ப நாள் இருப்பேனாம்."

அத்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே இத்தனை வருஷக் கோபமும் வந்தது. இரண்டும் இடித்துக்கொண்டதில் எது முன்னால் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதற்குள் அக்காவும் மகளும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"கேட்டியா? உன் தம்பி சாகலையாம்! இனிமேலும் சாக மாட்டானாம்!"

"நிஜமாவா தம்பி?" அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு வேறு எந்தக் கணக்கும் தோன்றவில்லை. நேராக வந்து அவர் கன்னத்தை ஈரக்கையால் தடவினாள். அப்புறம் மெஷின் நின்றிருக்குமோ என்று பழக்கத்தில் அந்தப் பக்கம் ஓடினாள்.

"ஓடாதே, நில்லு!" என்றார் அத்தான். "இத்தனை வருஷமா ஓடினது போதும். இன்னைக்கு அதுவே உன்னைக் கூப்பிடட்டும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பஸ்ஸரைச் சுற்றியிருந்த துண்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

அக்கா மெஷினை ஒட்டி, பஸ்ஸருக்கு நேர் கீழே நின்றிருந்தாள்.

கண்ணாடியாருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கூட மணிக்குக் கீழே நின்ற பையன், சுவரைப் பிடித்து நின்ற அக்கா, இந்த வாரமே கூட்டிட்டு வாங்க என்ற குரல். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். இதையும் ஒரு மாதம் மறைத்தேன் என்றால் அத்தான் என்ன சொல்வார் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அந்த ஒரு நினைப்பு நேரம்தான். துண்டு கீழே விழுந்தது, மெஷின் நின்றது, பஸ்ஸர் அலறியது.

எல்லோரும் கண்ணாடியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். விழுகிறாரா என்று பார்த்தார்கள். அவர் விழவில்லை. அவர்களுக்குப் பின்னால் அக்கா விழுந்தாள்.

கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது. அத்தான் ஸ்டூலிலிருந்து குதித்து, இத்தனை வருஷ ஒத்திகையின் பழக்கத்தில், நேராகக் கண்ணாடியாரிடம் ஓடி வந்து அவரை நாற்காலியில் தள்ளினார். "நீ பாக்காதே மச்சான்! உக்காரு! உனக்கு அதிர்ச்சி ஆகாது!" அக்கா மகள் கண்ணாடியாரின் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல! அக்காவப் பாருங்க!" கண்ணாடியார் கத்தினார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் போட்டதில்லை. "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு! இது வலிப்பு இல்ல, இதயம்! எனக்கு இருக்கறதுதான் அவளுக்கும்!"

அத்தானை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டார். மூச்சு இல்லை. முழங்கை மடங்காமல், நெஞ்சுக்கு நடுவில், வேகமாக அமுக்கினார். தலையணையை ஒரு தடவைகூடத் தொடாத கை அது. ஆனால் எப்படி என்று அதற்குத் தெரிந்திருந்தது. வியர்வை அவள் முகத்தில் சொட்டியது. அக்கா, அக்கா என்று அமுக்கலுக்கு ஒரு தடவை சொன்னார். ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்தபோது அவள் ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"நீ ஏன் தரையில உக்காந்திருக்கே?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே பெண் டாக்டர். ஈசிஜியைப் பார்த்தார், கண்ணாடியாரைப் பார்த்தார். "ஒரு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வரச் சொன்னேனே?"

கண்ணாடியார் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று கண்ணாடியார் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அத்தான் அடிக்கவில்லை. நகர்ந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"வரும் போகும், டாக்டர். ஏதாவது படார்னு விழுந்தா வரும். என் மக பிறந்த புதுசுல, இவ வீல்னு அழுதா எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வரும். பசின்னு நினைச்சுக்கிட்டேன்."

"உங்க வீட்ல எப்பவும் சத்தம் இருக்குமா?"

"சத்தமே கூடாது. இவனுக்காக."

"அதுதான் உங்களை இத்தனை வருஷம் காப்பாத்தியிருக்குன்னு நினைக்கிறேன்."

கண்ணாடியார் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார். எதிர் பெஞ்சிலிருந்து அத்தான் பார்த்த பார்வையில் மறுபடி குனிந்துகொண்டார்.

அக்காவின் நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். தாளம் தப்பினால் அதுவே தட்டிச் சரிசெய்யும். தம்பி சாப்பிடும் அதே மாத்திரையையும் எழுதிக்கொடுத்தார்கள். ஒழுங்காக இருந்தால் இன்னும் ரொம்ப நாள் இருப்பீர்கள் என்றார் டாக்டர். அக்கா மகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு இல்லை என்று தெரிந்ததும் அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் எதிரே வாய்விட்டு அழுதார்.

கடையில் இப்போது மெத்தை நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் முள்ளின் மேல் உட்கார்ந்தவளைப் போல இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். மூன்றாம் நாள் சாய்ந்து பார்த்தாள். "ஏண்டா, இது இவ்வளவு சுகமாவா இருக்கும்? ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பஸ்ஸரின் மேல் துண்டு பழையபடி ஏறிவிட்டது. மெஷின் நின்றதா என்று எட்டிப் பார்க்க ஓடுகிறவர் கண்ணாடியார். வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் இன்னும் அவரிடம்தான், "உடம்பு எப்படி இருக்கு?" என்று உருக்கமாகக் கேட்கிறார்கள். அவர் பெருமூச்சு விட வாயெடுப்பதற்குள், "அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான்" என்று அத்தான் இஸ்திரி மேஜையிலிருந்து பதில் சொல்லிவிடுவார். இப்போதைக்கு அத்தான் அவரோடு பேசுவது அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம், விரிப்பு ஒன்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகிறவர் நாற்காலியருகே நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்தே மனதில் கிடந்த ஒரு கேள்வி அது. அப்போதுதான் கேட்டார்.

"ஏன்க்கா, இத்தனை வருஷமா மயக்கம் வந்திருக்கு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலாமில்ல?"

அக்கா அவரை ஏதோ தெரியாத்தனமாகக் கேட்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உனக்கு அதிர்ச்சி கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே, தம்பி."

கண்ணாடியார் நகரவில்லை. விரிப்பிலிருந்து தண்ணீர் அவர் காலைச் சுற்றிச் சொட்டிக்கொண்டே இருந்தது.

"துணி சொட்டுது பாரு" என்றாள் அக்கா. "போய் விரி. மெஷினும் நின்னிருக்கும்."